கண் தெரிவதும் பார்ப்பதும்: ஆவிக்குரிய பார்வை பற்றி ஓர் எளிய விளக்கம்

காசிமேட்டில் மீன் வாங்கப் பழகியவர்கள் முதலில் பார்ப்பது மீனின் கண்ணை. கண் தெளிவாக, லேசாகப் புடைத்துக்கொண்டு இருந்தால் மீன் புதுசு. குழி விழுந்து, பால் ஊற்றிய மாதிரி மங்கிப்போயிருந்தால் ஐஸில் பல நாள் கிடந்தது. செவுளைத் தூக்கிப் பார்ப்பது, வயிற்றை விரலால் அழுத்திப் பார்ப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான். பத்து வயதில் அப்பாவோடு போய்க் கற்றுக்கொண்ட பாடம் இது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், ஆராதனைக்கு முன்னால், அதே இடத்தில் குனிந்து நின்று மீன்களின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் சபை நடத்தும் ஊழியக்காரன் இல்லை. இராயபுரத்தில் ஒரு சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவன், அவ்வளவுதான். சில வாரங்களுக்கு முன் பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன் கேட்டான்: “அண்ணா, ஜெபத்துல எல்லாரும் ஆவிக்குரிய கண்ணைத் திறந்தருளும்னு சொல்றாங்களே, அந்தக் கண்ணு எங்க இருக்கு? நெத்தியிலயா?” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் என்னிடம் இருப்பதெல்லாம் பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தைகள் என்று தெரிந்தது. அன்று மதியம் வேதாகமத்தையும் மகளின் உயிரியல் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பையனுக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். கிறிஸ்தவம் புதிதாகத் தெரிந்துகொள்கிறவர்களுக்கும் இது உதவலாம்.

தரிசனம் என்ற சொல் செய்யும் குழப்பம்

எங்கள் பக்கத்துச் சுவர்களில் ஒட்டியிருக்கும் உபவாசக் கூட்டப் போஸ்டர்களைப் பார்த்தால் ‘தரிசனம்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். பேச்சு வழக்கில் அதற்கு ஒரு அர்த்தம் வந்துவிட்டது: மற்றவர்களுக்குத் தெரியாதது ஒருவருக்குத் தெரிவது. உங்களுக்கு விசா வரும், உங்கள் மகளுக்கு ஆறு மாதத்தில் கல்யாணம், உங்கள் வீட்டு மாடிப்படி ஓரத்தில் ஒரு கறுப்பு உருவம் நிற்கிறது. ஆவிக்குரிய பார்வை என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டு, தங்களுக்கு எதுவும் தெரியவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வேதாகமத்தில் தரிசனங்கள் உண்டு. ஏசாயா கண்டார், எசேக்கியேல் கண்டார், பத்மு தீவில் யோவான் கண்டார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை சிலருக்கு, சில நேரங்களில் கொடுக்கப்பட்டவை. பவுல் எபேசு சபைக்கு எழுதும்போது, அவர்களுடைய மனக்கண்கள் பிரகாசிக்க வேண்டும் என்று ஜெபிக்கிறார். அந்தச் சபையில் அடிமைகள் இருந்தார்கள், எஜமான்கள் இருந்தார்கள், பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்துத்தான் அந்த ஜெபம். அபூர்வமான வரமாக இருந்தால் இப்படி மொத்தமாகக் கேட்டிருக்க மாட்டார்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதம், 5-ஆம் அதிகாரம், 7-ஆம் வசனம். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில், ‘நாம் விசுவாசித்து நடக்கிறோம், தரிசித்து நடக்கவில்லை’ என்கிற பொருளில் வருகிறது. இங்கே தரிசிப்பது என்றால் சாதாரணமாகக் கண்ணால் பார்ப்பது. நம் கூட்டங்களில் ஆவிக்குரிய பார்வைக்கு எந்தச் சொல்லை வைத்திருக்கிறோமோ, அதே சொல்லை அந்த வசனம் மாம்சக் கண்ணின் பார்வைக்கு வைத்திருக்கிறது. புதிதாகப் படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

அதனால் இந்தக் கட்டுரையில் தரிசனம் என்ற சொல்லை விட்டுவிடுகிறேன். பார்வை என்றே வைத்துக்கொள்வோம். தமிழில் அதுவே போதுமான சொல். டாக்டர் நம்மைப் ‘பார்க்கிறார்’. பாட்டி பேரனைப் ‘பார்த்துக்கொள்கிறாள்’. சொந்தக்காரர் கல்யாணத்தில் நம்மைக் ‘கண்டுக்கவே இல்லை’ என்று அம்மா பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்; அந்தச் சொந்தக்காரருக்குப் பார்வைக் கோளாறு என்று அர்த்தமில்லை. கண்ணோட்டம் என்ற சொல்லை இன்றைக்கு நாம் அணுகுமுறை என்கிற பொருளில் பயன்படுத்துகிறோம். திருக்குறளில் அதே பெயரில் ஒரு அதிகாரமே இருக்கிறது, அங்கே அதற்கு இரக்கம் என்று பொருள். அது இல்லாத கண்ணைப் புண் என்கிறார் வள்ளுவர். வேதாகமம் பார்வையைப் பற்றிச் சொல்வதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்குப் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது.

கண் மட்டுமே பார்ப்பதில்லை

முதலில் மாம்சக் கண். ஒளி கருவிழி வழியாக உள்ளே போகிறது, லென்ஸ் அதைக் குவிக்கிறது, பின்னால் இருக்கும் விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது, பார்வை நரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோகிறது. இதுவரை எல்லாரும் பள்ளியில் படித்ததுதான். நாற்பதைத் தாண்டும்போது லென்ஸ் விறைத்துப்போய்ப் பக்கத்தில் இருப்பதைக் குவிக்க முடியாமல் திணறும். அதற்குத் தமிழில் வெள்ளெழுத்து என்று அழகான பெயர் இருக்கிறது. எனக்கு அது வந்து மூன்று வருடம் ஆகிறது. ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களில் நானும் ஒருவன்.

இனி பள்ளியில் அவ்வளவாக வலியுறுத்தாத ஒரு விஷயம். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. அதற்குக் குருட்டுப் புள்ளி என்று பெயர். நல்ல கண் உள்ள ஒவ்வொருவருக்கும் இரண்டு கண்ணிலும் இது இருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளில் எட்டு சென்டிமீட்டர் இடைவெளியில் பக்கவாட்டில் இரண்டு புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் இடதுபக்கப் புள்ளியையே பாருங்கள். தாளை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஏறக்குறைய ஒரு அடி தூரத்தில் வலதுபக்கப் புள்ளி காணாமல் போகும். வகுப்பில் இதைச் செய்தபோது பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

புள்ளி மறைந்ததை விட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. மறைந்த இடத்தில் ஓட்டை தெரியவில்லை. வெள்ளைத் தாள்தான் தெரிகிறது. சுற்றி இருப்பதை வைத்து மூளையே அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. ஆக, நமக்குத் தெரியாத இடம் ஒன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. முழுசாகப் பார்க்கிறோம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

யோவான் 9-ஆம் அதிகாரத்தில் இயேசுவுக்கும் பரிசேயர் என்ற யூத சமயக் குழுவினருக்கும் நடக்கும் கடைசிப் பேச்சு இதைத்தான் தொடுகிறது. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவன் சீலோவாம் குளத்தில் கழுவிவிட்டுப் பார்வையோடு வருகிறான். அதிகாரம் முழுக்க விசாரணை. அக்கம்பக்கத்தார் அவனை விசாரிக்கிறார்கள், பரிசேயர் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள், அவனை இரண்டு தடவை விசாரிக்கிறார்கள். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று அவன் சொல்லிக்கொண்டே வருகிறான். குருடனாக இருந்தேன், இப்போது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும் என்கிறான். விசாரிக்கிறவர்களோ, நாங்கள் அறிந்திருக்கிறோம், அறிந்திருக்கிறோம் என்று அடித்துப் பேசுகிறார்கள். கடைசியில், நாங்களும் குருடரோ என்று கேட்கிறார்கள். நீங்கள் குருடராக இருந்தால்கூட உங்களுக்குப் பாவமில்லை, பார்க்கிறோம் என்று சொல்கிறீர்களே, அதுதான் பிரச்சினை என்கிற மாதிரி பதில் வருகிறது.

மரங்கள் நடக்கின்றன

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மாற்கு 8-ஆம் அதிகாரத்தின் நடுவில் ஐந்தே வசனம்.

பெத்சாயிதாவில் பார்வையற்ற ஒருவனைக் கூட்டிவருகிறார்கள். இயேசு அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே நடத்திக்கொண்டு போகிறார். அவன் கண்களில் உமிழ்ந்து, கை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அவன் ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்: மனுஷர் நடக்கிறார்கள், மரங்களைப்போலத் தெரிகிறார்கள். இயேசு மறுபடியும் கை வைக்கிறார். அப்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நான்கு சுவிசேஷங்களிலும் இப்படி இரண்டு கட்டமாக நடக்கும் சுகம் இது ஒன்றுதான். முதல் தடவை கை வைத்தும் பாதிதான் தெரிந்தது என்பதை மாற்கு மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்.

இதைப் படிக்கும்போது எனக்கு இன்னொரு கதை நினைவுக்கு வரும். 1688-ல் டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மாலினோ என்பவர் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி அனுப்பினார். மாலினோவின் மனைவிக்குக் கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே பார்வை போயிருந்தது. அவருடைய கேள்வி இது: பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டுப் பார்த்தே அடையாளம் சொல்லப் பழகியிருக்கிறார். திடீரென்று அவருக்குப் பார்வை வந்தால், தொடாமல் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் எது உருண்டை, எது கனசதுரம் என்று சொல்ல முடியுமா? முந்நூறு வருடத்துக்கும் மேல் தத்துவக்காரர்கள் இதை வைத்துச் சண்டை போட்டார்கள். பவன் சின்ஹா என்ற விஞ்ஞானியின் ‘பிரகாஷ்’ திட்டத்தில், நம் நாட்டில் பிறவிப் பார்வைக் குறைபாட்டுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. கட்டு அவிழ்த்த உடனே அந்தப் பிள்ளைகளால் முடியவில்லை. கையால் தொட்ட பொருள் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்லச் சொன்னால் ஏறக்குறைய குருட்டாம்போக்கில்தான் சொன்னார்கள். சில நாட்களில், சில வாரங்களில் பழகிக்கொண்டார்கள்.

கண் திறப்பது ஒரு விஷயம், பார்க்கப் பழகுவது இன்னொரு விஷயம். ஒளி உள்ளே வந்துவிட்டது. அது மரமா மனிதனா என்று தெரிய இன்னும் கொஞ்சம் ஆக வேண்டும்.

மாற்கு இந்தக் கதையை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். இதற்குச் சற்று முன்னால்தான் இயேசு சீஷர்களைப் பார்த்து, கண்கள் இருந்தும் காணாதிருக்கிறீர்களா என்று கேட்கிறார். கதை முடிந்தவுடன் பிலிப்புச் செசரியா. நான் யார் என்கிறீர்கள் என்று கேட்கிறார், நீர் கிறிஸ்து என்று பேதுரு சொல்கிறார். சரியான பதில். அடுத்த மூச்சில் இயேசு தாம் பாடுபட வேண்டும், கொல்லப்பட வேண்டும் என்கிறார். பேதுரு அவரைத் தனியே அழைத்துப்போய்க் கடிந்துகொள்கிறார். எனக்குப் பின்னாகப் போ, சாத்தானே என்று வாங்கிக்கட்டிக்கொள்கிறார். இரண்டு நிமிடத்துக்குள் இரண்டும். பேதுருவுக்குக் கிறிஸ்து தெரிந்தார்; ஆனால் எப்படிப்பட்ட கிறிஸ்து என்பது தெரியவில்லை. மரம் நடக்கிறது என்று சொன்னவன் நிலைமைதான். பெத்சாயிதா பேதுருவின் ஊர் என்று யோவான் சுவிசேஷம் வேறு சொல்கிறது.

எங்கள் ஊருக்கே அவர் பெயர்தான். பழைய கத்தோலிக்கத் தமிழில் பேதுருவுக்கு இராயப்பர் என்று பெயர். புனித இராயப்பர் ஆலயத்தைச் சுற்றி வளர்ந்த பேட்டை இராயபுரம் ஆனது. நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பம், ஆனாலும் அந்த ஆலயத்தைக் கடக்கும்போது இதை நினைத்துக்கொள்வேன்: பாதி பார்வையோடு தடுமாறிய ஒரு மனிதரின் பெயரைத்தான் தினமும் பஸ் கண்டக்டரிடம் சொல்லி டிக்கெட் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

மாற்கு இந்தப் பகுதியை இன்னொரு பார்வையற்றவரின் கதையோடு முடிக்கிறார். 10-ஆம் அதிகாரம், எரிகோ, பர்திமேயு. அதற்குச் சற்று முன் யாக்கோபும் யோவானும் வருகிறார்கள். நான் உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று இயேசு அவர்களிடம் கேட்கிறார். மகிமையில் வலதுபக்கம் ஒருவருக்கு, இடதுபக்கம் ஒருவருக்கு இடம் வேண்டும் என்கிறார்கள். வழியோரத்தில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பர்திமேயுவிடமும் அதே கேள்வி. நான் பார்வையடைய வேண்டும் என்கிறான். கிடைத்ததும் இயேசுவின் பின்னால் எருசலேமுக்குப் போகிற வழியில் நடக்கிறான். ஒரே கேள்விக்கு வந்த இந்த இரண்டு பதிலையும் அடுத்தடுத்து வைத்து வாசித்துப் பாருங்கள். ஆவிக்குரிய பார்வை என்றால் என்ன என்று மாற்கு விளக்கம் எழுதவில்லை. இப்படி அடுக்கிக் காட்டியிருக்கிறார்.

கண் சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள்

நடுவில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இது எங்கள் வீட்டில் நடந்தது.

என் அத்தைக்குக் கண் நீர் அழுத்த நோய். கிளாக்கோமா என்றால் பலருக்குத் தெரியும். வலி பெரும்பாலும் இருக்காது. ஓரப் பார்வையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வரும்; நடுப்பார்வை கடைசி வரை இருப்பதால் ஆளுக்கே தெரியாது. போன பார்வை திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. தினமும் போட வேண்டும். ஒரு ஜெபக்கூட்டத்தில், மருந்து போட்டால் விசுவாசக் குறைவு என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார்கள். நிறுத்திவிட்டார். எங்களிடமும் சொல்லவில்லை. பக்கவாட்டில் வந்த ஆட்டோ தெரியாமல் கல்மண்டபம் சாலையில் விழுந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் நிறையப் போய்விட்டது.

வேதாகமம் மாம்சக் கண்ணை மட்டமாகப் பேசவே இல்லை. இயேசுவிடம் வந்த பார்வையற்றவர்களிடம், மாம்சப் பார்வை எதற்கு, ஆவிக்குரிய பார்வை போதும் என்று அவர் சொன்னதாக ஒரு இடம்கூடக் கிடையாது. வெளிப்படுத்தின விசேஷத்தில் லவோதிக்கேயா சபைக்கு, கண்ணுக்குக் கலிக்கம் போட்டுக்கொள் என்று ஆலோசனை வருகிறது. கலிக்கம் என்பது நம் சித்த வைத்தியர்கள் கண் மருந்துக்குச் சொல்லும் சொல். உருவகமாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் மருந்தை இழிவாக நினைக்கிறவர்கள் மருந்தை உருவகமாக எடுக்க மாட்டார்கள். 1819-ல் தொடங்கிய எழும்பூர் கண்ணாஸ்பத்திரி வடசென்னையிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. போய்க் காட்டிவிட்டு வந்து ஜெபியுங்கள். போகும்போதும் ஜெபிக்கலாம்.

இன்னொன்று. யோவான் 9-ன் தொடக்கத்தில், இவன் குருடனாகப் பிறந்தது யார் செய்த பாவம், இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று இயேசு நேராகவே சொல்லிவிடுகிறார். அப்படியும் பார்வையற்றவர்களைப் பார்த்தவுடன் சாபம், பாவம் என்று பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாவத்தில் இருக்கிறவனைக் ‘குருடன்’ என்று பிரசங்கத்தில் சொல்லும்போது, மூன்றாவது பெஞ்சில் வெள்ளைக் கோலோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசிக்க வேண்டும். நான் வகுப்பில் அந்தச் சொல்லை வேத வசனத்தை வாசிக்கும்போது மட்டும்தான் சொல்வேன்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் திதிமு என்று ஒருவர் இருந்தார். நான்கு வயது வாக்கில் பார்வை போனவர். மரத்தில் செதுக்கிய எழுத்துகளை விரலால் தடவிப் படிக்கக் கற்றுக்கொண்டு, அந்த நகரத்தின் புகழ்பெற்ற மறைக்கல்விப் பள்ளிக்குத் தலைவர் ஆனார். பின்னாளில் வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அவரிடம் படித்திருக்கிறார். ஈயும் எறும்பும் கூட வைத்திருக்கிற கண் போனதற்காக வருந்தாதே, தேவதூதர் பார்க்கிற கண் உனக்கு இருக்கிறது என்று வனாந்தரத் துறவி அந்தோணியார் அவருக்கு ஆறுதல் சொன்னதாக ஒரு பழைய செய்தி உண்டு. அந்தோணியாருக்கு மரியாதை, ஆனால் இதை என் அத்தையிடம் சொல்ல மாட்டேன். பார்வைக்கு ஈடாக ஞானம் வந்தது என்று யாராவது ஆரம்பித்தால், “நீ வேணும்னா உன் கண்ணைக் குடுத்துட்டு ஞானத்த வாங்கிக்கோ” என்பார்.

எதிரிக்குச் சோறு

ஆவிக்குரிய கண் திறப்பதற்குச் சபைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டாக வருவது எலிசா என்ற தீர்க்கதரிசியின் வேலைக்காரன் கதை, இரண்டாம் இராஜாக்கள் 6. தோத்தான் ஊரைச் சீரியப் படை இரவோடு இரவாகச் சூழ்ந்துவிடுகிறது. விடிகாலையில் எழுந்த வேலைக்காரன் நடுங்கிப்போகிறான். இவன் கண்களைத் திறந்தருளும் என்று எலிசா ஜெபிக்கிறார். மலை முழுக்க அக்கினிமயமான குதிரைகளும் இரதங்களும் நிற்பதை அவன் பார்க்கிறான். பெரும்பாலான பிரசங்கங்கள் இங்கேயே நின்றுவிடும், நாமும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம்.

கதை இன்னும் பாதி இருக்கிறது. எலிசா ஜெபிக்க, படைக்குக் கண் மயங்கிப்போகிறது. அவர்களை அவரே சமாரியாவுக்கு, இஸ்ரவேல் ராஜாவின் நடு ஊருக்கு நடத்திக்கொண்டு போகிறார். அங்கே மறுபடியும் ஒரு ஜெபம்: இவர்கள் கண்களைத் திறந்தருளும். வேலைக்காரனுக்குக் கேட்ட அதே ஜெபம், இப்போது எதிரிகளுக்காக. இஸ்ரவேலின் ராஜாவுக்குக் கை துறுதுறுக்கிறது, வெட்டிவிடட்டுமா என்கிறான். வேண்டாம், அப்பமும் தண்ணீரும் வை என்கிறார் எலிசா. பெரிய விருந்து நடக்கிறது, சாப்பிட்டுவிட்டு அவர்கள் ஊருக்குப் போய்விடுகிறார்கள். அக்கினி இரதங்கள் ஒரு அம்பு கூட விட்டதாக அந்தக் கதையில் இல்லை.

என்னைக் கேட்டால், கண் திறந்ததற்கு அடையாளம் இரதங்கள் தெரிந்தது மட்டுமல்ல; அந்தச் சிப்பாய்கள் பசித்தவர்களாகத் தெரிந்ததும்தான். முதலாவது இல்லாமல் இரண்டாவது வந்திருக்காது என்று வேண்டுமானால் வாதாடலாம். பயந்துகொண்டே இருக்கிறவனால் எதிரியின் பசியைப் பார்க்க முடியாது.

பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்ட சவுலின் கதையிலும் இதே நடக்கிறது. தமஸ்குவுக்குப் போகிற வழியில் ஒளியைக் கண்டு விழுந்தவர் மூன்று நாள் பார்வையில்லாமல் கிடக்கிறார். அவரிடம் போகச் சொல்லி அந்த ஊரில் இருந்த அனனியா என்ற சீஷனுக்குக் கட்டளை. அனனியா தயங்குகிறார், ஏனென்றால் சவுல் என்றால் சபையை வேட்டையாடுகிறவர். ஆனாலும் போய், அவர்மேல் கை வைத்து, சகோதரனாகிய சவுலே என்கிறார். சவுலின் கண்களிலிருந்து மீன் செதிள்கள் போன்றவை விழுந்தன என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. செதில் விழுந்தது ஒருவர் கண்ணிலிருந்து மட்டுமா என்று ஒரு தடவை வகுப்பில் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பின்வரிசைப் பெண் ஒருத்தி, “அனனியாவுக்கும்தான்” என்றாள்.

அந்தச் செதில் விஷயத்தை நான் சோதித்தே பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வாங்கிவந்த கொடுவாவின் செதில் ஒன்றைக் கழுவிக் கண்ணுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் தாராளமாக வருகிறது. ஜன்னல் கம்பி தெரியவில்லை.

கண்டும் காணாமல்

கடைசியாக லூக்கா 10, நல்ல சமாரியன். கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் தெரிந்த கதை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். ஆசாரியன் வருகிறான், கண்டு, பக்கமாய் விலகிப் போகிறான். லேவியன் வருகிறான், கண்டு, விலகிப் போகிறான். சமாரியன் வருகிறான், கண்டு, மனதுருகுகிறான். மூன்று பேருக்கும் வசனத்தில் வருகிற வினைச்சொல் ஒன்றே. யாருக்கும் பார்வைக் குறைவு இல்லை. கண்ணாஸ்பத்திரியில் சோதித்திருந்தால் மூன்று பேருக்கும் 6/6 என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஒரே ஒளி, ஒரே மாதிரி விழித்திரை, அதில் ஒரே பிம்பம். முதல் இருவரைப் பற்றித் தமிழில் இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது: கண்டும் காணாமல் போனார்கள்.

அந்தப் பையனின் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தக் கண் நெற்றியில் இல்லை. இன்னொரு ஜோடிக் கண்ணும் இல்லை. உன் கண் முன்னால் எல்லாருக்கும் தெரிகிற அதே ஆள் உனக்கு யாராகத் தெரிகிறார் என்பதுதான் விஷயம். ஒரே நாளில் வராது, பேதுருவுக்கே வரவில்லை. சங்கீதக்காரன் என் கண்களைத் திறந்தருளும் என்று கேட்டது வேதத்தில் இருக்கும் அதிசயங்களைப் பார்ப்பதற்காகத்தான். படிக்கத் தெரிந்தவன்தான் அப்படிக் கேட்கிறான்.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டுப் போன ஞாயிறு காசிமேட்டுக்குப் போனேன். மீனை வாங்கிக்கொண்டு, வழக்கமாக ஆய்ந்து கொடுக்கும் அக்காவிடம் கொடுத்தேன். பன்னிரண்டு வருடமாக அவரிடம்தான் கொடுக்கிறேன். அறுபது வயது இருக்கும். “இன்னா கண்ணு, இன்னிக்கு லேட்டு” என்று மீனை வாங்கி அரிவாள்மனை முன் உட்கார்ந்தார். கை தானாக ஓடியது, செதில்கள் தெறித்தன. சில்லறையை நீட்டினேன். அவர் கை என் கைக்கு நான்கு விரல் தள்ளித் துழாவியது. அப்போதுதான் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தேன். வலது கண்ணில் பாப்பா முழுக்க வெள்ளை. இடதில் பாதி. கண்புரை. அன்று காலை எத்தனை மீனுக்கு அந்த வெள்ளையைப் பார்த்து வேண்டாம் என்று தள்ளியிருப்பேன்.

“அக்கா, எத்தினி நாளா இப்டி?”

“அது கெடக்குது ரெண்டு வருஷமா. கை பாக்குது இல்ல, போதும்.”

எழும்பூரில் அறுவைச் சிகிச்சைக்குக் காசு வாங்க மாட்டார்கள், நானே கூட்டிப் போகிறேன் என்றேன். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்களில் கறி சாப்பிடாமல் எல்லாரும் மீனுக்கு வருகிறார்கள், இப்போது ஒரு நாள் கூட விட முடியாது என்றார். “தடைக்காலம் வரட்டும் கண்ணு, அப்ப பாத்துக்கலாம்.” விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாள் ஏப்ரல் 15-ல் தொடங்கும். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அவர் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.